உப்புத் தோல் கிடந்த சிகடி

1

நம் மேலப்பாளையத்தில் இரும்புக்கு ஆயுள் அதிகம். தெருக்கதவின் நாதாங்கியை எந்தத் தலைமுறை அடித்து வைத்தது என்று கேட்டால் வீட்டாருக்கே தெரியாது. கறுத்திருக்கும், தேய்ந்திருக்கும், ஆனால் உதிராது. ஆகவே ஊரில் இருக்கும் உங்களுக்குத் துருவைப் பற்றி எழுதுவது வீண்வேலை என்று தோன்றக்கூடும். மும்பையில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட எனக்கோ, இந்த நகரத்தைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பொருள் அகப்படவில்லை.

செம்பூரில் எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து கடல் தெரியாது. எனினும் அதன் உப்பு சன்னல் கம்பியில் வந்து படிந்திருக்கும். விரலால் தொட்டு நாவில் வைத்தால் கரிக்கும். ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் பூட்டு, கீல், சைக்கிள் சங்கிலி என்று எதையும் விட்டுவைக்காது. துணி காயப்போடும் கம்பி வெள்ளைச் சட்டையில் செங்கோடு போட்டுவிடும். இங்கே வந்த புதிதில் நான் அதை இரத்தக்கறை என்று எண்ணிப் பயந்ததுண்டு.

எங்கள் குடியிருப்பு தரைத்தளம். சமையலறைக் கதவைத் திறந்தால் பின்புறம் சுற்றுச்சுவர் வரைக்கும் சிமெண்டுத் தரை. அங்கே ஒரு கரியடுப்பு இருந்தது. இறைச்சி வாட்டுவதற்கானது. கீழே கரி போடும் இரும்புத் தொட்டி, மேலே கம்பித் தட்டு, நான்கு கால்கள். இவ்வூரில் அதைச் சிகடி என்பார்கள். தாராவியில் நாங்கள் குடியிருந்தபோது என் மூத்த மகன் காதர், வெல்டிங் பட்டறையில் வேலை பழகிய நாளில், தன் உம்மாவுக்கென்று தானே செய்து கொண்டுவந்தது அது. அவன் கையால் செய்த முதல் பொருள். ஒரு கால் சற்றே குட்டையாகிவிட்டது. என் மனைவி மரியம் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குளியலறையில் ஒட்டி மிஞ்சிய பீங்கான் ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தாள். ஆட்டம் நின்றது. தாராவியிலிருந்து செம்பூருக்கு வீடு மாறியபோது சிகடியும் வந்தது, ஓட்டுத் துண்டும் வந்தது.

வந்த சில மாதங்களில் மரியம் போய்விட்டாள். அவள் இறந்த நாள் சந்திரக் கணக்குப்படி ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து வருகிறது. தொடக்கத்தில் மழை ஓய்ந்த பிறகு வந்துகொண்டிருந்தது. இந்த ஆண்டு நட்டநடு மழைக்காலத்தில் வந்து விழுந்தது. அன்று பாத்திஹா ஓதி, சிகடியில் கரி மூட்டி, அவளுக்குப் பிடித்தபடி மிளகு தடவிய இறைச்சியை வாட்டி, முதல் துண்டுகளை அண்டை வீட்டாருக்கு அனுப்பிவிட்டு நாங்கள் உண்போம். அந்த ஒரு நாளில்தான் என் மக்கள் இருவரும் ஒரே தட்டில் கை வைப்பார்கள். காதர் கல்யாணில் இருக்கிறான். இளையவன் இல்யாசோடும் அவன் மனைவி ஷமீமாவோடும் நான் இருக்கிறேன். செம்பூர் வீடு யார் பெயரில் என்ற பேச்சு எழுந்தபோது காதர் எழுந்து போனவன், பிறகு உம்மாவின் நாளுக்கு மட்டும் வருவான். சென்ற இரண்டு ஆண்டுகளாக அதற்கும் வரவில்லை. வேலை என்றான்.

2

நான் தோல் மண்டியில் உழைத்து ஆளானவன். தாராவிக்கு வந்திறங்கும் ஆட்டுத்தோலுக்கு உப்பிடுவதுதான் என் முதல் வேலை. சதைப்பக்கம் மேலே தெரிய விரித்து, கல்லுப்பை அள்ளி அள்ளித் தேய்த்து, மடித்து அடுக்கவேண்டும். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு வெளியேறி, தரையெல்லாம் சொட்டும். அந்த மண்டியில் ஓர் ஆணி கூட வெளியே தெரியாது. அடுக்கும் பலகை மரம், கொக்கி மரம், கதவின் தாழ்ப்பாள் கூட மரம். காரணம் உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்த உப்புநீர் பட்ட இரும்பு அடுத்த மாதம் இருக்காது.

பக்ரீதுக்குக் குர்பானி கொடுக்கும்போது தோலை மதரஸாவுக்குக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். அதன் விலை ஓதும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு ஆகும். தோல் கெடாமல் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக நான் ஒவ்வோர் ஆண்டும் அதை என் கையாலேயே உப்பிட்டுக் கொடுப்பேன். இந்த ஆண்டும் உப்பிட்டு மடித்து இல்யாசிடம் கொடுத்து, "நாய் எட்டாத உசரமா ஓரிடத்துல வை. சாயந்திரம் வந்து எடுத்துக்கிடுவாங்க" என்றேன்.

மறுநாள் எனக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை. குனியக்கூடாது, தூசியில் நிற்கக்கூடாது, பின்கட்டுப் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் கட்டளை. கட்டுப் பிரித்த பிறகும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தேன். மதரஸாக்காரர்கள் வந்தார்களா என்று கேட்டதற்கு, "வருவாங்க வாப்பா" என்றான் இல்யாஸ். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

யாரும் வரவில்லை. நானே தொலைபேசியில் கேட்டபோது, பல ஆண்டுகளாக என்னிடம் தோல் வாங்கிப் போனவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாய், தப்பா நெனைக்காதீங்க. இப்ப தோலை எடுக்க ஆளில்ல. வண்டி வாடகைக்குக் கூடத் தேறாது. புதைச்சிருங்க."

ஒரு தொழில் செத்துவிட்டது என்பதை அந்தத் தொழிலில் கை வெந்தவனிடம் இவ்வளவு மரியாதையாக வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

3

கண் தெளிந்து முதன்முதலாகப் பின்கதவைத் திறந்தபோது நாற்றம்தான் முதலில் வந்தது. சிகடியின் மேல் கனத்த பிளாஸ்டிக் உறை போர்த்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்தேன். கம்பித் தட்டின் மேல் நான் உப்பிட்ட தோல் கிடந்தது. இல்யாஸ் கண்டுபிடித்த உயரமான இடம் அதுதான்.

உப்பும் நீரும் தோலிலிருந்து வடிந்து கம்பி வழியாகத் தொட்டிக்குள் இறங்கியிருந்தன. சென்ற ஆண்டுச் சாம்பல் அள்ளப்படாமல் அங்கேயே கிடந்து, நனைந்து, களியாகியிருந்தது. மழை உள்ளே போகாதபடி கட்டிய உறை, உள்ளேயிருந்த ஈரம் வெளியே போகாதபடியும் காத்துவிட்டது. கம்பிகள் மரப்பட்டை போல் உரிந்தன. தொட்டியின் ஒரு மூலையை அழுத்தினேன். விரல் மறுபக்கம் வந்தது. கால்களிலிருந்து வழிந்த செந்நீர் சிமெண்டுத் தரையில் வட்டம் வட்டமாகத் தேங்கியிருந்தது. மரியம் ஓட்டுத் துண்டு வைத்த அந்தக் குட்டைக்கால் மட்டும் கறுப்பாகவே நின்றது. பீங்கான் ஈரத்தை உறிஞ்சுவதில்லை.

இல்யாசைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இங்க தெருநாய் சுவர் ஏறி வருது வாப்பா. வேற எங்க வைக்கச் சொல்லுதிய? பிரிட்ஜுலயா?" என்றான். "விடுங்க. காலம் முடிஞ்ச சாமான். ஷமீமா ஒரு கரண்டு கிரில் பாத்து வச்சிருக்கா. புகை கிடையாது, கரி கிடையாது."

அன்று மாலையே காதருக்குத் தொலைபேசி செய்தேன். உம்மாவின் நாளுக்கு வருவாயா என்று கேட்டேன். "சிகடி இருக்கா வாப்பா இன்னும்?" என்றான்.

"இருக்கு."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்ப வாரேன்."

அந்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரங்கூட இல்லை. நான் சொன்ன சொல்லை அதற்குள் உண்மையாக்கியாக வேண்டும்.

இதற்கிடையில் எங்கள் கட்டடச் சங்கம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. மராத்தியில் இருந்தது. பேத்தி ஸனா படித்துச் சொன்னாள்: பொது இடங்களில் கிடக்கும் பழைய சாமான்களை உரியவர்கள் இந்த ஞாயிறுக்குள் அகற்றவேண்டும், தவறினால் சங்கமே அகற்றிவிடும். எங்கள் பின்கட்டும் பொது இடக் கணக்கில்தான் வரும். செயலாளரைப் பார்க்கப் போனேன். தாராவியில் கற்ற இந்தி எனக்கு. அங்கே முதலாளிக்கும் 'தும்' தான், சுமை தூக்குபவருக்கும் 'தும்' தான். அதே 'தும்' போட்டு, நீ என்கிற மாதிரி, இவரிடமும் பேசிவிட்டேன். முகம் சுருங்கியது. என் மன்றாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "சாச்சா, வோ தோ கபாட் ஹை" என்றார். கபாட் என்றால் எடைக்குப் போடும் ஓட்டை உடைசல்.

"சுத்தம் பண்ணிக் காட்டினால்?" என்றேன் இந்தியில், இம்முறை மரியாதைச் சொல்லோடு.

"காட்டுங்கள். கமிட்டியில் வைக்கிறேன்."

4

இங்கே நான் எழுதுவது உங்களுக்குப் பயன்படாது. ஆனால் நம் பிள்ளைகள் எல்லாக் கடற்கரைகளிலும் இருக்கிறார்கள். யாருக்கேனும் உதவட்டும்.

முதலில் சாம்பலை அள்ளவேண்டும். சாம்பல் காய்ந்திருக்கும்வரை தூசி. நனைந்தால் இரும்பை அரிக்கும் மருந்து. அதன்பின் உதிரக்கூடியதையெல்லாம் கம்பிப் பிரஷ்ஷால் உதிர்க்கவேண்டும். மிச்சத்துக்கு உப்புத்தாள். மறுபடியும் உப்பு என்ற பெயர்தான் வருகிறது; நான் என்ன செய்ய? ஆழமாகப் பிடித்த இடத்தில் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ஓர் இரவு விட்டால் துரு இளகும். காலையில் சோடா மாவு கரைத்த நீரால் கழுவி, வினிகரின் புளிப்பை முறித்துவிடவேண்டும். முறிக்காமல் விட்டால் அதுவே மறுபடி அரிக்கத் தொடங்கும். கழுவிய இரும்பைக் காற்றில் காயவிடுவது இந்த ஊரில் மூடத்தனம். உடனே துடைத்து நெருப்பில் காட்டவேண்டும். சூடு இருக்கும்போதே கடலை எண்ணெயை மெல்லிய துணியால், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தடவி, புகையும்வரை காய்ச்சவேண்டும். ஆறியதும் மீண்டும் தடவல், மீண்டும் காய்ச்சல். தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். எண்ணெய் அதிகமானால் பிசுக்காகி நிற்கும். பொறுமைதான் அதிகம் வேண்டும்.

சமையலறைக் கேஸ் அடுப்பில் கம்பித் தட்டைக் காய்ச்சியபோது வீடெங்கும் புகை. ஷமீமா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமா, வீட்டுக்குள்ள இன்னொரு தாராவியக் கொண்டு வந்திட்டியளே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள் அவள்.

ஸனா கைப்பேசியோடு வந்து நின்றாள். "தாதா, துருன்னா ஜங்தானே? இதுல ஒருத்தன் கோலாவுல ஊறப்போட்டா போயிரும்னு சொல்றான். ட்ரை பண்ணுவோமா?"

"அதைக் குடிக்கிற உன் வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு அவன் சொன்னானா?"

"தாதா, ப்ளீஸ்!" என்று ஓடிவிட்டாள். துரு என்ற தமிழ்ச் சொல் அவள் வாயில் வந்ததே எனக்குப் போதுமாயிருந்தது.

ஓட்டை விழுந்த மூலைக்கு வடாலாவில் ஒரு பட்டறையில் தகடு வைத்து ஒட்டிக்கொண்டு வந்தேன். அரித்துப்போன கம்பிகளுக்குப் புதுக் கம்பி. வெளிப்புறத்துக்கு மட்டும் சூடு தாங்கும் கறுப்புப் பூச்சு. உணவு படும் இடத்தில் எண்ணெய் தவிர வேறெதுவும் கூடாது. குட்டைக்காலை நான் தொடவில்லை. அதற்கு ஒன்றும் தேவைப்படவில்லை. உறையையும் இறுக்கிக் கட்டவில்லை. அடியில் காற்று போகும்படி உயர்த்தி, கூரை போல் போட்டேன். கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. மருத்துவர் கண்டால் திட்டியிருப்பார்.

ஞாயிறன்று செயலாளர் வந்து பார்த்தார். தட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. "படியா" என்றார். நன்றாக இருக்கிறதாம். இரண்டு நாள் கழித்துக் கமிட்டியின் முடிவைச் சொல்லி அனுப்பினார்: பொருள் இருக்கலாம், ஆனால் திறந்தவெளியில் கரி மூட்டக்கூடாது. மூன்றாம் மாடிக்காரர் புகை என்று புகார் கொடுத்திருக்கிறார்.

அடுப்பு இருக்கலாம், நெருப்பு கூடாது. இந்த நகரம் எனக்கு வழங்கிய அனுமதிகள் எல்லாம் ஏறக்குறைய இந்த வகையைச் சேர்ந்தவைதாம்.

5

காதர் ரயிலில் வருவான் என்று எண்ணியிருந்தேன். சிறிய டெம்போ ஒன்றில் வந்து இறங்கினான். மழைக்கு ரயில் நின்றுபோகும் என்ற பயமாயிருக்கும் என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். தலைமுடி நரைத்திருந்தது. என் கையைப் பிடித்து ஸலாம் சொன்னான். நேராகப் பின்கதவுக்குப் போனான்.

சிகடியைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து தொட்டிக்குள் கைவிட்டுத் தடவினான்.

"யாரு வாப்பா இதை இப்படி ஆக்குனது? புதுசு மாதிரில்லா இருக்கு!"

"நான்தான்."

"கண்ணு ஆபரேஷன் பண்ணிட்டு இந்த வேலையா? சும்மா இருக்கவே மாட்டிய நீங்க."

அந்தக் கண்டிப்பை இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்து பெற்றேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். சிரியுங்கள்.

இல்யாஸ் கதவோரம் வந்து நின்று அண்ணனைக் கூப்பிட்டான். "காக்கா, கரி பத்தவைக்கக் கூடாதுன்னு சொசைட்டியில சொல்லிட்டாங்க. உள்ள கரண்டு கிரில்லுல போட்டாச்சு. கை கழுவிட்டு வாங்க, ஆறிரும்."

காதர் தம்பியைப் பார்க்காமல் சிகடியைப் பார்த்தே பேசினான். "பத்தவைக்க முடியாட்டா இது இங்க எதுக்கு? நா எடுத்துட்டுப் போறேன். எங்க பில்டிங்ல மொட்டை மாடி இருக்கு. கேக்க ஆளில்ல. அதுக்குத்தான் வண்டியோட வந்தேன்."

"எடுத்துக்கிடுங்க காக்கா. எனக்கும் ஒரு டென்ஷன் விட்டுச்சு."

பல ஆண்டுகளுக்குப் பிறகு என் மக்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், செய்தவன் அவன், சாமான் அவனுடையது என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

பாத்திஹா ஓதினோம். மின்சாரத்தில் வெந்த இறைச்சி மென்மையாகத்தான் இருந்தது. புகை மணம் இல்லை. அண்டை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஷமீமா பிளாஸ்டிக் டப்பாக்களில் எடுத்து வைத்தாள். அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் உண்ணவில்லை. தட்டுகள் தனித்தனியாகவே வைக்கப்பட்டிருந்தன. பேச்சு நன்றாகத்தான் போயிற்று. கல்யாணில் தண்ணீர் வரும் நேரம், செம்பூரில் பள்ளிக் கட்டணம், ரயிலில் கூட்டம்.

மழை சற்று ஓய்ந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சிகடியைத் தூக்கி டெம்போவில் ஏற்றினார்கள். நான் கூடவே நடந்தேன்.

"ஒவ்வொரு தரமும் சாம்பலை அன்னைக்கே அள்ளிரு. சூடு இருக்கும்போதே எண்ணெய் போடு. உறையை இறுக்கிக் கட்டாதே, காத்து போவணும்."

"எல்லாம் யூடியூப்ல இருக்கு வாப்பா. மழையில நிக்காதிய, உள்ள போங்க."

வண்டி போனபின் பின்கட்டுக்கு வந்தேன். சிமெண்டுத் தரையில் மூன்று செவ்வட்டங்கள். நான்காவது கால் நின்ற இடத்தில் ஓட்டுத் துண்டு மட்டும் கிடந்தது. ஏற்றும்போது அதை யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

6

அடுத்த வாரம் செயலாளர் அந்தப் பக்கம் வந்தவர், தரையைப் பார்த்து, கறையையும் எடுத்துவிட்டால் நன்றாயிருக்கும் என்றார். எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுத் தேய்த்தால் சிமெண்டில் துருக்கறை ஓரளவு மங்கும். எனக்கு அது தெரியும். செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதுவரை செய்யவில்லை. செய்வதாகவும் இல்லை.

ஓட்டுத் துண்டைக் கழுவித் துடைத்துச் சன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் புறப்படும்போது காதர் தொலைபேசியில் வந்தான். பின்னணியில் ஆட்களின் சிரிப்பு கேட்டது. நண்பர்களாயிருக்கும்.

"வாப்பா, சிகடி ஆடுது. அங்க ஆடாமத்தானே நின்னுச்சு? வண்டியில வரும்போது வளைஞ்சிட்டோ?"

தன் கையால் செய்ததன் குறையையே அவன் மறந்திருந்தான்.

"வளையல. ஒரு கால் குட்டை. உங்க உம்மா அதுக்கு அடியில ஓட்டுத்துண்டு வச்சிருந்தா. இங்கதான் இருக்கு. ஒரு நாள் வந்து எடுத்துட்டுப் போ."

"ஒரு ஓட்டுத்துண்டுக்கா கல்யாண்ல இருந்து வாரது?" என்று சிரித்தான். "அட்டைய மடிச்சு வச்சாச்சு வாப்பா. இப்ப ஆடல. நல்லா நிக்குது."

சரி என்றேன். ஸலாம் சொல்லி வைத்துவிட்டான்.

வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது. கல்யாணிலும் அதே மழைதான். மொட்டை மாடியில் அட்டை நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்; விடாது. இத்தனை ஆண்டுகளாகத் துருவே அண்டாதிருந்த அந்தக் கால்தான் இனி முதலில் போகும்.

அதை நான் அவனிடம் சொல்லவில்லை.